சாட்சி போடாதவன்

திண்டிவனம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே உட்கார்ந்து பதினெட்டு வருஷம் பத்திரம் எழுதியவன் நான். அண்ணன் தம்பியை ஏய்ப்பதையும், மாமனார் மருமகனைக் கவிழ்ப்பதையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துத்தான் என் வீட்டில் உலை கொதித்தது. அதனால் யாரையும் நம்புவதில்லை என்று ஒரு விரதமே வைத்திருந்தேன். எத்தனையோ பேர் கெஞ்சியும் ஒருவனுக்குக்கூட சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பாதுரை தன் நிழலையே ரெண்டு தடவை திரும்பிப் பார்ப்பான் என்று பின்னால் கேலி பேசுவார்கள். பேசட்டுமே, எனக்கென்ன.

அப்பேர்ப்பட்ட என்னையே திருடன் என்றான் ஒருவன். விழுப்புரத்தில் இருக்கும் என் தங்கை கெங்கம்மாளின் புருஷன் சீனுவாசன்தான். அம்மா செத்தபோது அவள் காதிலிருந்த சிவப்புக்கல் தோட்டை நான் அமுக்கிக்கொண்டேனாம். அம்மா அதை என் கையில் கொடுத்து, "கெங்காவுக்குப் புள்ள பொறந்தா அதுங்காதுக்குப் போடுடா" என்று சொல்லியிருந்தாள். அதை நான் யாரிடமும் விளக்கவில்லை. நம்புகிறவன் நம்பட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன். நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் தை மாதம் தங்கையிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குழந்தைக்குக் காது குத்துகிறோம், தாய்மாமன் மடி வேண்டும், அண்ணன் வரவேண்டும் என்று எழுதியிருந்தாள். தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

தோட்டை அழித்து, அதே கல்லைப் பதித்து இரண்டு சின்னக் கடுக்கன் செய்தேன். கல்லைப் பார்த்தாலே கெங்கம்மாளுக்குத் தெரிந்துவிடும். சீனுவாசன் மூஞ்சியையும் அன்றைக்குப் பார்த்துவிட வேண்டும். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் காது குத்தியாக வேண்டும்.

ரயிலில் ஜேப்படிக்காரர்கள் ஜாஸ்தி. பெட்டியை அறுப்பான், மடியை அறுப்பான். எந்தத் திருடனும் அவித்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, திருட மாட்டான் என்று கணக்குப் போட்டு, கடுக்கனை ஒரு மஞ்சள் துணியில் முடிந்து மல்லாட்டைப் பைக்குள் அடியில் புதைத்து, பையைக் கூடையில் வைத்தேன். என் மனைவி கிருஷ்ணவேணிக்குக்கூடச் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் ரயில் பெட்டி முழுக்கச் சொன்ன மாதிரி.

விழுப்புரத்துக்கு முன்னால் முண்டியம்பாக்கத்தில் ரயில் நின்றது. நின்றது நின்றதுதான். எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தில் நாற்பது ஐம்பது பையன்கள். ஹிந்தி எதிர்ப்பு. காலேஜை எல்லாம் மூடிவிட்டதால் ஊருக்கு வந்த பயல்கள். ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. எனக்கு உட்கார முடியவில்லை. இறங்கினேன், ஏறினேன், மறுபடியும் இறங்கி நேரே அவர்களிடமே போனேன்.

"யோவ், எங்க மருமவனுக்குக் காதுகுத்துய்யா! உங்களுக்கு வேற பொழப்பு இல்ல?"

கண்ணாடி போட்ட ஒரு நெட்டையன் எழுந்து நின்றான். "கொஞ்சம் பொறுத்துக்கங்க ஐயா. உங்களுக்குப் பேஜாருதான். எங்களுக்கும் வேற வழி தெரியில."

"காலிப்பசங்களா! பெத்தவன் சோத்தத் துன்னுட்டு ரயில மறிக்கிறீங்களா?" என்று கத்தினேன். அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். பத்திரத்தில் அங்க அடையாளம் எழுதி எழுதிப் பழகிய கண் எனக்கு. இடது புருவத்தில் தழும்பு, வலது காதடியில் மச்சம் என்று மனசில் குறித்துக்கொண்டேன்.

பெட்டிக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. பையன்கள் கரும்புக் கொல்லைக்குள் சிதறி ஓடினார்கள். ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. அப்பாடா என்று கூடைக்குள் கையை விட்டேன். பை இல்லை.

"மல்லாட்ட எங்கடி?"

"அந்தப் பசங்களுக்குக் குடுத்துட்டேங்க. நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணும் துன்னலயாம். நீங்க அங்க கத்திக்கினு இருந்தப்ப தண்ணி கேட்டு ஒருத்தன் வந்தான், பாவமா இருந்துச்சி."

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம்தான் வரும். விழுப்புரம் வரும்வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விழுப்புரத்தில் இறங்கியதும் அவளைக் கீழ்ப்பெரும்பாக்கத்துக்கு, தங்கை வீட்டுக்கு ஜட்கா ஏற்றிவிட்டேன். எனக்கு அங்கே எந்த முகத்தோடு போவது? திருடன் என்றவன் வாய்க்குச் சர்க்கரை போட்ட கதையாகிவிடும். முண்டியம்பாக்கத்துக்குத் திரும்பலாம் என்றால், கலாட்டா நடக்கிற பக்கம் வரமாட்டேன் என்று வண்டிக்காரர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். ரோட்டில் ஒரு மைல் நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். கடைசியில் பாலத்தருகே நின்ற ஏட்டிடம் போய், காகிதம் வாங்கி நானே புகார் எழுதினேன். அந்தக் கூட்டத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தது அந்த ஒருவனைத்தான். தங்கக் கடுக்கன் ஜோடி ஒன்று, எடுத்துச் சென்றவன் நெட்டையன், கண்ணாடி, இடது புருவத்தில் தழும்பு, வலது காதடியில் மச்சம். கீழே தங்கை வீட்டு விலாசம். ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

பதினொன்றரை மணிக்கு வெறுங்கையோடு தங்கை வீட்டை நோக்கி நடந்தேன். குற்றவாளிக் கூண்டுக்குப் போகிறவன்கூட அவ்வளவு மெதுவாக நடக்கமாட்டான். வாசலில் ஒரு சைக்கிள் கிடந்தது. கெங்கம்மாள் ஓடிவந்தாள். அவள் உள்ளங்கையில் இரண்டு சிவப்புக் கல்லும் இருந்தன.

"அம்மா கல்லுண்ணா இது," என்றாள். இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். பின்னால் சீனுவாசன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கூடத்தில் அந்த நெட்டையன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. நெற்றியில் கிருஷ்ணவேணி மஞ்சள் வைத்துத் துணி கட்டிக்கொண்டிருந்தாள். மல்லாட்டை கொடுக்கும்போது தங்கை வீட்டுக் கதை முழுவதையும், விலாசத்தோடு, தண்ணி கேட்டு வந்த பையனிடம் அவள் சொல்லியிருக்கிறாள்; அவன் போய் இவனிடம் சொல்லியிருக்கிறான். அவளுடைய ஓட்டை வாய்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது.

"மன்னிச்சிக்கங்க ஐயா, லேட்டாயிட்ச்சி," என்றான் அவன். "ஓடும்போது மஞ்சத்துணி முடிச்சி அவுந்துட்ச்சி. ஒண்ணுதான் பையில இருந்துச்சி. இன்னொண்ணு கரும்புக் கொல்லையில வுழுந்துட்ச்சி. ஏழு பேரு முட்டி போட்டுத் தேடனோம். கெடைச்சதும் சைக்கிள எடுத்துக்கினு ஜல்தியா வந்தேன். வர்ற வழியில ஜல்லியில வுழுந்துட்டேன்."

"போலீசு இருக்கும்போதா தேடனீங்க?"

"ஆமாங்க. ரெண்டு பேரப் புடிச்சிக்கினு போய்ட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். "பரவால்ல. அவனுங்கதான் அதிகமா மல்லாட்ட துன்னவனுங்க."

காலிப்பசங்களா என்று கத்தினேனே, அதே பையன்கள். சொந்த மச்சான் நாலு வருஷம் நம்பாத என் மானத்துக்காக, பேர் தெரியாத ஏழு பேர் மண்ணில் முட்டி தேய்த்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் அவன் மச்சத்தை எழுதிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வாய்விட்டு அழுதிருப்பேன்.

அழ நேரமில்லை. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஏட்டு, கையில் என் புகாரோடு வந்துவிட்டார்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "நெட்டை. கண்ணாடி. தழும்பு. மச்சம். அட்சரம் பிசகாம எழுதியிருக்கீங்க சாமி. எழுந்திர்ரா."

"இவன் இல்லீங்க," என்றேன். "நக எங்கியும் போகல. கூடையிலயே கெடந்துச்சி. அவசரத்துல எழுதிட்டேன்."

"நக கெடைச்சிட்ச்சி, சரி. ரயில மறிச்ச கூட்டத்துல இவன் இருந்தானா இல்லியா?"

"காலையிலேர்ந்து இங்கதாங்க இருக்கான். எங்க வூட்டுப் பையன்."

ஏட்டு என் நெற்றி நாமத்தைப் பார்த்துவிட்டுப் பையனிடம் திரும்பினார். "பேரு இன்னா?"

பாவி, பொய் சொல்லத் தெரியவில்லை. "சவுரிராயன்," என்றான்.

நாமம் போட்ட வீட்டில் கிறிஸ்தவப் பேர். ஏட்டு மீசையைத் தடவினார். "சவுரிராயன். உங்க வூட்டுப் பையன்."

"ஆமாங்க."

"இப்பிடி வாயால சொன்னா ஆவாது. நாளைக்கி மேல கேப்பாங்க. எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"நேரமாவுது," என்று காது குத்த வந்த ஆசாரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். நான் பேனாவை எடுத்தேன். புகாருக்குப் பின்பக்கம் எழுதினேன். மேற்படி சவுரிராயன் என் குடும்பத்தைச் சேர்ந்தவன், இன்று காலை முதல் என்னுடன் இருந்தவன். கீழே 'சாட்சி' என்று போட்டு, அப்பாதுரை என்று கையெழுத்திட்டேன். பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு கோணலாக நான் எழுதியதில்லை.

ஏட்டு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் மணையில் உட்கார்ந்து மடியில் குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது ஊசியைப் பார்த்ததும் வீரிட்டது. "கொஞ்சம் தலையப் புடிச்சிக்கடா," என்று சவுரிராயனைக் கூப்பிட்டேன்.