படுக்கையறை இரண்டா, மூன்றா?

1

இந்தக் கதை எனக்கு ஒரு பீரோவுக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. வீடுகளுக்கு மதிப்புப் போடும் ஒருவர் பேச்சுவாக்கில், "ஒரு வீட்ல ஜன்னலையே ஒளிச்சு வச்சிருந்தாங்க சார்" என்றார். அப்புறம் அவருக்கு ஃபோன் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கைவரிசை.

(முதல் தொடக்கம்: 'பீரோவைத் திறந்ததும் அவள் வீறிட்ட...' அடித்துவிட்டேன். இதில் கொலை கிடையாது. பழக்கதோஷம்.)

2

அக்காவுக்கு அந்த வீடு வேண்டும். அவ்வளவுதான் கதை.

அப்பா போனபின் வீடு அவளுக்கும் தம்பிக்கும் சரிபாதி. மதிப்பீட்டாளர் போடும் தொகையில் பாதியைக் கொடுத்து, தம்பியின் பங்கை அவள் வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. தொகை ஏறினால் வங்கிக் கடன் போதாது. வீடு வெளியாளுக்குப் போய்விடும்.

ஆக, அந்த வீட்டின் மேல் உயிரையே வைத்திருப்பவள்தான் அதை மட்டம் தட்டியாக வேண்டும். துணிகளை நாற்காலி நாற்காலியாக இறைத்தாள். பாத்திரம் கழுவவில்லை. (வீண் வேலை. பரப்பளவு, கட்டடத்தின் நிலை, அக்கம்பக்கத்தில் இதே மாதிரி வீடுகள் சமீபத்தில் போன விலை, இவைதான் கணக்கு. குப்பைக்கு யாரும் விலை குறைப்பதில்லை.) ஆனால் ஒன்றைச் சரியாகக் கேள்விப்பட்டிருந்தாள்: ஜன்னல் இல்லாத அறை படுக்கையறைக் கணக்கில் சேராது.

பின்னறை ஜன்னலுக்கு வெளியே கொடி மண்டிய சந்து. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் இருப்பதே தெரியாது. உள்ளே ஜன்னலை மறைத்து பீரோவை இழுத்துப் போட்டுவிட்டாள்.

3

மதிப்பீட்டாளர் அளவுக் கருவியோடு வந்தார். பின்னாலேயே தம்பி.

"என்னக்கா, வீட்டுக்குள்ள புயல் அடிச்சிருச்சா?"

"இப்பத்தான்டா உள்ள நுழையுது."

பின்னறைக்கு வந்ததும் தம்பியின் பார்வை பீரோவில் குத்திட்டு நின்றது. படிக்கிற வயதில் அந்த ஜன்னல் வழியாகத்தான் அவன் சினிமாவுக்குத் தப்பி ஓடுவான்.

(இங்கே அவனை வில்லனாக்குவதாகத்தான் இருந்தேன். 'சார், அங்க ஒரு ஜன்ன...' என்று எழுதியும் பார்த்தேன். ஆள் மசியவில்லை.)

தம்பி கைபேசியை எடுத்து, மும்முரமாக எதையோ படிக்கிற மாதிரி நின்றான்.

"இதை ஸ்டோர் ரூம்னுதான்மா போடணும். படுக்கையறை ரெண்டு" என்றார் மதிப்பீட்டாளர்.

நினைத்தது நடந்துவிட்டது. அக்கா தலையாட்டினால் போதும். ஆட்டவும் ஆரம்பித்தாள்.

அவர் நல்லெண்ணத்தில் இன்னொரு வரி சேர்த்தார்: "காத்தே இல்ல, பாருங்க. இதுல ஒரு மனுஷன் எப்படி இருப்பான்?"

"ஏன் இருக்க மாட்டான்? எங்கப்பா கடைசி வரைக்கும் இங்கதான் படுத்திருந்தார். இருட்டுலயா சார் போட்டு வச்சிருந்தேன் அவரை? வெயில் வர்ற பக்கமாக் கட்டிலத் திருப்பித் திருப்பிப் போட்டவ நான்!"

தோளைக் கொடுத்து பீரோவைத் தள்ளினாள். அது கிறீச்சிட்டு நகர்ந்தது. கொடியிடுக்கில் நுழைந்த வெளிச்சம் பச்சையாக அறைக்குள் விழுந்தது.

"போச்சு" என்றான் தம்பி. "லூசு அக்கா! நான்தான் வாயை மூடிட்டு நின்னேன்ல?"

மதிப்பீட்டாளர் இருமினார். ஜன்னலை அளந்தார். "மூணு" என்று சொல்லிவிட்டு, மாடியைப் பார்க்கப் போனார்.

4

முடிவு ஒன்று: தொகை ஏறுகிறது, வீடு கைமாறுகிறது. நம்பலாம், எனக்குத்தான் எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: "ரெண்டு ரூம் கணக்குலயே என் பங்கைக் குடுக்கா" என்று தம்பி சொல்கிறான். கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன் வாடகை வீட்டில், வளரும் இரண்டு பெண்களோடு இருக்கிறான். அவனுக்கும் ஒரு ஜன்னல் வேண்டாமா?

முடிவு மூன்று: அக்கா அவன் பக்கம் திரும்பி, "டேய், நீ..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. தொகையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி அவள் கேட்டால் அவன் மறுக்க மாட்டான். அதனாலேயே அவளுக்கு வாய் வரவில்லை. கேட்காவிட்டால் வீடு போய்விடும். மாடியில் மதிப்பீட்டாளரின் காலடி கேட்கிறது. அவள் இடத்தில் நீங்கள் நின்றால் கேட்பீர்களா?

சீக்கிரம் சொல்லுங்கள். தம்பி கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.