கால்மாட்டு மெழுகுவத்தி

வெளியூரில் செத்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுச் சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவது எங்கள் வழக்கம். போர் முடிந்த ஆண்டின் கல்லறைத் திருநாளில் அந்தச் சிலுவையடியில் போலீஸ் நின்றது. ஜெர்மானியரோடு சேர்ந்திருந்தவர்களுக்கு விளக்கு கூடாது என்று உத்தரவு.

என் மனைவி தில்காவின் கல்லறைக்கு அவள் அம்மா அப்பொலோனியாவோடு போனேன். நானும் தில்காவும் எதிர்ப்புப் படையில் இருந்தோம். பிப்ரவரியில், காட்டில், நிமோனியா அவளைக் கொண்டுபோனது. அவள் தம்பி லோவ்ரோ ஜெர்மானியர் பக்கம். மே மாதம் எல்லை தாண்டி ஓடினான். அங்கிருந்த ஆங்கிலேயப் படை பிடித்துத் திருப்பி அனுப்பியது. அதன்பின் தகவல் இல்லை. கேட்கவும் முடியாது.

அத்தை ஒரு மெழுகுவத்தியைத் தலைமாட்டில் நட்டார். இன்னொன்றைக் கால்மாட்டில்.

"அத்தை, வேணாம்."

"சிலுவைகிட்டதான் போகக் கூடாது. எம் மக காலடியிலயும் கூடாதா? தம்பிக்கு இடம் தரமாட்டேன்னு சொல்லுவாளா அவ?"

ஏற்றினார். போலீஸ்காரன் சிரில் வந்தான். காட்டில் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

"என்ன வாத்தியாரே, தலைமாட்டுல இருக்கிறது நம்ம தில்காவுக்கு. கால்மாட்டுல யாருக்கு?" பார்வை அத்தை மேல் இருந்தது. "ஜெயில்ல கணப்பு கிடையாது, அப்பொலோனியாம்மா."

அத்தை தலையை நிமிர்த்தினார். மகன் பெயரைச் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது.

"எங்க குழந்தைக்கு," என்றேன். "சாகும்போது அவ மூணு மாசம்."

சிரில் தொப்பியைக் கழற்றினான். "எங்கிட்டகூடச் சொல்லலியேடா."

"யாருகிட்டயும் சொல்லல."

அவன் வாசல் பக்கம் நடந்தான்.

"சமாளிக்கத்தானே சொன்னீங்க, மாப்ளே?"

"இல்ல அத்தை."

அத்தை குனிந்தார். கால்மாட்டு மெழுகுவத்தியை அணைத்து, முழங்காலில் வைத்து முறித்தார். திரி அறவில்லை. பல்லால் கடித்து அறுத்தார்.

"தாய்மாமன்தானே. பாதி குடுக்க மாட்டானா?"

இரண்டு துண்டுகளையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு ஏற்றினார். சிரில் திரும்பினால் மூன்று சுடர் தெரியும். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி, கோட்டுப் பொத்தான்களைக் கழற்றி, இருபுறமும் விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

"குளிருமே, மாப்ளே."

"எரியட்டும், அத்தை."