ஒரே தட்டு

என் தங்கையின் மணிக்கட்டு உடைந்தது ஒரு கரண்டி சோற்றுக்காக. இப்படிச் சொன்னால் ஏதோ பஞ்ச காலத்துக் கதை மாதிரி இருக்கும். பஞ்சமெல்லாம் இல்லை. அவள் வீட்டில் மூட்டையாக அரிசி இருந்தது, பீப்பாய் நிறையப் பயறு இருந்தது. அன்றைக்கு இரண்டும் ஒரே தட்டில் விழவில்லை, அவ்வளவுதான் குற்றம்.

அவள் புருஷன் வீட்டு முன்கட்டில் ஜிம் வைத்திருக்கிறான். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கட்டிக்கொண்ட பாவத்துக்கு என் தங்கையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். கறி தொட மாட்டான். கோழி வெட்டுகிற என் கடைப் பக்கம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பாவத்த வெட்டி விக்கிறீங்கக்கா" என்பான். ஈ எறும்புக்குக் கூடத் தீங்கு நினைக்காத மனுஷன். பெண்டாட்டி ஈயும் இல்லை, எறும்பும் இல்லை.

கறி தின்னாமல் உடம்பை ஏற்றுகிற வித்தை ஒன்று அவனிடம் இருந்தது. எந்தக் காலத்துப் புத்தகமோ, அட்டை இல்லாத புத்தகம் ஒன்றில் படித்ததைச் சிவப்பு மசியில் பெரிதாக எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தான். பயறு மட்டும் தின்றால் பாதிப் புரோட்டீன். சோறு மட்டும் தின்றாலும் பாதி. இரண்டும் ஒரே தட்டில், ஒரே வேளையில் விழுந்தால்தான் முழுசு. இல்லாவிட்டால் தின்றதெல்லாம் வீண். சுவரோரம் ஒரு தராசு. ஒரு பங்கு பயறு, இரண்டு பங்கு சோறு. ஜிம்முக்கு வருகிற இருபது பேருக்கு மதியச் சாப்பாடு அவன் வீட்டிலிருந்துதான் போகும். டப்பாவில் இரண்டு அறை. சின்ன அறையில் பயறு, பெரிய அறையில் சோறு. என் தங்கை விடியற்காலையில் எழுந்து அதை நிரப்புவாள்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் சோறு அடிப்பிடித்துவிட்டது. வேறு வடிக்க நேரமில்லாமல் அவனுக்குப் பயற்றை மட்டும் வைத்துவிட்டாள். கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடி, என் கடைக்கு வந்து நின்றாள். நான் அப்போது கோழி உரித்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடக் கழுவவில்லை.

"ஒரு கரண்டி சோறு வச்சுட்டா தீர்ந்துச்சு. அதுக்கா இவ்வளவு? கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா? போ, போய்ப் பொழைக்கிற வழியப் பாரு" என்றேன்.

அதை நான்தான் சொன்னேன். இருபது வருஷமாகக் கோழி வியாபாரம் செய்கிறவள் சொன்னேன். கோழி மிதித்துக் குஞ்சு செத்ததை என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சாகாது என்று பழமொழி சொன்னவர் யாரும் கூண்டு கழுவியிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் அவள் அழுதுகொண்டு வரவில்லை. அடி நிற்கவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டாள். ஒருமுறை பயறு எடை குறைந்ததற்குக் கொதிக்கிற பயற்றைக் கழுத்தில் கவிழ்த்தான். இன்னொருமுறை, பசி தாங்காமல் அவள் நின்றபடியே ஒரு கை பயறு அள்ளி வாயில் போட்டதைப் பார்த்துவிட்டு, தலைமுடியைப் பிடித்துத் தொட்டித் தண்ணீரில் வாயைக் கழுவி விட்டான். முகத்தை அமுக்கிப் பிடித்த நேரத்தில் இரண்டு முறை தண்ணீர் குடித்தாளாம். "அரைச் சத்து உள்ள போனா உடம்பு கெட்டுடும்டி, உன் நல்லதுக்குத்தான்" என்றானாம். இதெல்லாம் நான் அவளைப் பார்க்கப் போனபோது கேட்டது; அவள் புகாராகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்திசாலித்தனமாக ஒரு பெரிய கரண்ட் குக்கர் வாங்கிக் கொடுத்தேன். சோறு அடிப்பிடிக்காது, அடியும் விழாது என்று கணக்குப் போட்டேன். என் தலையில் நானே கொட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தக் குக்கர்தான் போன மாதம் ஒரு காலையில் செத்துப்போனது. இவள் சுவிட்சைத் தட்டுகிறாள், ஒயரை ஆட்டுகிறாள், அரிசி பச்சைத் தண்ணீரில் கிடக்கிறது. அடுப்பில் வைத்தால் இருபது பேருக்கு நேரத்தில் ஆகாது. அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று வருஷத்தில் அவளாக எடுத்த முதல் முடிவு அது. இப்போது பயற்றை மட்டும் அனுப்புவோம், சாயங்காலம் பையன்கள் உடற்பயிற்சிக்கு வரும்போது சோற்றை வடித்துக் கொடுத்துவிடுவோம். ஒரே நாளில் இரண்டும் வயிற்றுக்குள் போகத்தானே போகிறது என்று நினைத்தாள்.

மாஸ்டர் டப்பாக்களைத் திறந்து பார்த்தான். இருபது டப்பாவிலும் பெரிய அறை காலி. ஜிம் அறைக்குப் போய் ஐந்து கிலோ டம்பெல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தானாம். முதல் அடி தோளில். இரண்டாவது முகத்துக்கு வந்தது. இடது கையால் மறைத்தாள். முகம் தப்பித்தது.

கையை ஒரு துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இரண்டு தெரு நடந்து என் கடைக்கு வந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த நிலையிலும் அவள் சொன்னது இதைத்தான்.

"அக்கா, குக்கர் வேலை செய்யலக்கா."

ஆஸ்பத்திரியில் எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டார். "வழுக்கி விழுந்தேன்" என்றாள். அவர் எழுதிக்கொண்டார். எனக்கு உண்மை வாய் வரைக்கும் வந்தது. அவள் நல்ல கையால் என் விரலை நெரித்தாள், விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் கட்டிலுக்குக் கிண்ணத்தில் அவித்த பயறு வந்தது. பசியில் கண் இருண்டு கிடந்தவள், கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு என்று எழுதிக் கொடுக்கிற அம்மா ஒருவர் அந்த வழியாக வந்தார். மூக்குக் கண்ணாடி, கையில் ஒரு கட்டுக் காகிதம்.

"ஏம்மா சாப்பிடல? எலும்பு கூடணும்ல?"

"சோறு வரட்டும்மா."

"சோறு சாயங்காலம்தான். இப்போ இது."

"தனியா சாப்பிட்டா சத்து வீணாப் போயிடும்மா" என்றாள் என் தங்கை, பயந்துகொண்டே. அந்தம்மாளும் அடித்துவிடுவாரோ என்று நினைத்தாளோ என்னவோ, தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

அந்தம்மாள் சிரித்துவிட்டார். "யாரு சொன்னா? பயறுல எல்லாமே இருக்கும்மா, ஒண்ணு ரெண்டு மட்டும் கொஞ்சம் கம்மி. அது அரிசி, கோதுமையில இருக்கு. ரெண்டும் ஒரே தட்டுல இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. மத்தியானம் இது, சாயங்காலம் அது. உடம்பு சேத்துக்கும். அந்தக் காலத்துல அப்படி நெனச்சாங்க, அதெல்லாம் எப்பவோ போச்சு." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவருக்கு அது அரை நிமிஷப் பேச்சு.

என் தங்கை கிண்ணத்தைக் கட்டிலில் இறக்கி வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு நான் பண்ணது சரிதானாக்கா?"

"சரிதான்டி."

"மூணு வருஷமா நான் தப்பே பண்ணலையா?"

அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எலும்பு உடைந்தபோதுகூட அப்படி அழவில்லை. இத்தனை நாளும் வாங்கின ஒவ்வொரு அடிக்கும் தன் பக்கம் ஒரு தப்பு இருந்தது என்று நம்பி, அந்த நம்பிக்கையில்தான் உயிரை வைத்திருந்திருக்கிறாள் பாவி.

நான் வெளியே வந்து மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன். "உன் சட்டம் தப்புடா. புத்தகமும் தப்பு, நீயும் தப்பு. பெரிய டயட் அம்மாவே சொல்லிட்டாங்க" என்று கத்தினேன். அது என் இரண்டாவது மடத்தனம். அவனை அடிக்க ஒரு கல் கிடைத்தது என்று நினைத்தேன். அவன் அதையே படிக்கட்டாக்கி ஏறி வந்தான்.

நான்காம் நாள் மதியம் வந்தான். கடையில் கூட்டம் ஓய்ந்து, நான் வெட்டுக்கட்டையைக் கத்தியால் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கை கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தட்டில் அவித்த பயறு ஆறிக்கொண்டிருந்தது. டயட் அம்மா சொன்ன பிறகும் அவள் கை தானாகச் சோற்றுக்குக் காத்திருந்தது. மூன்று வருஷப் பழக்கம் அரை நிமிஷத்தில் போகுமா?

மாஸ்டர் மூக்கைப் பொத்தவில்லை. கையில் அந்தச் சுவர்க் காகிதம் இருந்தது. எங்கள் கண் முன்னால் அதை நான்காகக் கிழித்தான்.

"புத்தகத்துல தப்பாப் போட்டுட்டான். நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இனிமே நீ எதை எப்ப வச்சாலும் சரி. வா, வீட்டுக்குப் போலாம்." குரல் தேனாக இருந்தது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே வந்தது, அதுதான் கொடுமை.

தங்கை முகம் இளகியது. இவள் எழுந்து போய்விடுவாள், இந்த முறை போனால் அடுத்த முறை என் கடைக்கு நடந்து வர மாட்டாள், தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முதல் தடவை திருப்பி அனுப்பியவளே நான்தானே.

அவள் எழுந்து நின்றாள். கேட்டாள்.

"மாஸ்டர், புத்தகத்துல சரியாப் போட்டிருந்தா?"

"என்ன?"

"நீங்க சொன்னது சரியா இருந்து, நான் சோறு வைக்காம விட்டிருந்தா? அப்போ?"

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். "அப்போ உன் மேலதானடி தப்பு."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் சுமக்க வேண்டும். அவன் சொன்னதைத்தான் நான் அன்றைக்குக் கோழி உரித்துக்கொண்டே சொன்னேன்.

"நான் வரல. நீ போ" என்றாள்.

அவனை அவள் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவனும் அப்போதுதான் கேட்டிருப்பான். ஒரே எட்டில் வந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தான். முக்காலி உருண்டது. பயறு தரையெல்லாம் சிதறியது. கட்டுப் போட்ட கை மேடையின் விளிம்பில் மோதி, அவள் வீல் என்று கத்தினாள். அவன் வலது கை ஓங்கியது. ஓங்கிய கை இறங்குகிற வழியில் என் வெட்டுக்கட்டை இருந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கட்டையில் அமுக்கினேன். கத்தி ஏற்கெனவே என் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் புத்தி வேலை செய்தது. கத்தியின் முதுகால் போட்டேன் ஒரு போடு. எலும்பு முறிகிற சத்தம் எனக்குப் புதிதில்லை. இது கொஞ்சம் பெரிசு.

விழுவான் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பயறும் சோறும் தின்று வளர்த்த உடம்பாயிற்றே, விழவில்லை. இடது கையால் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு தூக்கி வைத்து நெரித்தான். கத்தி கையை விட்டுப் போனது. கால் தரையில் படவில்லை. கண்ணுக்குள் கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. அவ்வளவுதான், என் கதை என் கடையிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் திடீரென்று தரையில் உட்கார்ந்திருந்தேன். மாஸ்டர் எனக்கு எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டுகொண்டிருந்தான். தங்கை நின்றுகொண்டிருந்தாள். அவள் நல்ல கையில் என் தராசின் ஐந்து கிலோ எடைக்கல். சரியாக ஐந்து கிலோ. அதை அவன் முழங்காலில் இறக்கியிருக்கிறாள். மறுபடி ஓங்கினாள். அவன் தலைக்கு நேராகக் கல் நின்றது. நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவளாகத்தான் இறக்கித் தராசில் வைத்தாள், வழக்கமாக வைக்கிற இடத்தில்.

"கைய ஒடச்சுட்டீங்களேடி" என்று முனகினான் அவன். "ஆஸ்பத்திரியில கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

"வழுக்கி விழுந்தேன்னு சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. "எழுதிக்குவாங்க."

தவழ்ந்து, சுவரைப் பிடித்து, ஒற்றைக் காலில் போனான். எதிர்க்கடைக்காரர் வாசலில் நின்று ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். போலீஸ் வரும். வரட்டும். நான் செய்ததை நான் சொல்வேன். கத்தியின் எந்தப் பக்கம் என்பதையும் சொல்வேன். "டாக்டர்கிட்ட நானும் போய் மாத்தி எழுதச் சொல்றேன்" என்றாள் தங்கை.

பிறகு முக்காலியை நிமிர்த்தினாள். மாடியில் என் வீட்டுக்குப் போய்ப் பானையில் மிச்சமிருந்த பயற்றை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, சோறு இருக்கா?"

"இன்னும் ஒலையே வைக்கலடி."

"பரவால்ல" என்றாள். "சாயங்காலம் சாப்பிட்டுக்கறேன்."

ஒரு கை அள்ளி வாயில் போட்டு, வாசலைப் பார்த்தபடி மெல்ல ஆரம்பித்தாள்.