இமாஷ் என்ன சொல்லி அழுவார்

காலை ஏழு இருபதுக்கு நாடக அரங்கின் லாரி பின்பக்கமாகக் குடியிருப்பு முற்றத்துக்குள் வந்தது. ஒஸ்கோன் கையைக் காட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். உள்ளங்கையை விரித்தார். லாரி நின்றது.

உள்ளே கம்பளிக் கூடாரம் இருந்தது. அவர் மனைவி புருல் முந்தின நாள் மாலை மருத்துவமனையில் இறந்திருந்தாள். இறந்தவரைக் கூடாரத்தில்தான் கிடத்த வேண்டும். ஒஸ்கோனின் அண்ணன் சபாரிடம் இருந்ததைப் பூச்சி அரித்துவிட்டது. நாரின் நகரத்தில் தெரிந்தவர்களிடம் இருந்த இரண்டும் வேறு சாவுகளுக்குப் போயிருந்தன. புருல் நடித்த அரங்கிலிருந்தே ஒன்றை அனுப்பியிருந்தார்கள்.

மரக் கிராதிகளை விரித்துக் கட்டி முடித்த பிறகுதான் சபார் கவனித்தார். வட்டம் முடியவில்லை.

"மிச்சம் எங்கடா?"

"இவ்வளவுதான்."

"பாதிதான் இருக்கு."

"பார்க்கிறவங்க பக்கம் திறந்து இருக்கணும்ல. அதுக்காகச் செஞ்சது."

சபார் அந்தத் திறந்த பக்கத்தின் எதிரே போய் நின்று பார்த்தார். "அப்ப டிக்கெட் போட்டு உள்ள விடலாம்," என்றார். லாரி ஓட்டுநர் சிரித்துவிட்டு, பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

திறந்த பக்கம் நிலக்கரிக் கொட்டகையின் செங்கல் சுவரை ஒட்டும்படி கூடாரத்தை நகர்த்தச் சொன்னார் ஒஸ்கோன். பின்பக்கத்தில் இரண்டு கிராதிகளுக்கு நடுவே முடிச்சை அவிழ்த்து, கம்பளியைத் தொங்கவிட்டு வாசலாக்கினார். அதே அரங்கில் விளக்குப் பொறுப்பில் இருந்த அவர் இருபத்தாறு வருடம் இதை ஏற்றி இறக்கியிருக்கிறார், கூட்டுப்பண்ணைக் களங்களிலும் பள்ளிக்கூட மைதானங்களிலும்.

ஒன்பது மணிக்குப் பெண்கள் புருலைக் கொண்டுவந்து வலது பக்கம் கிடத்தினார்கள். லாரியோடு வந்த திரையை அவளுக்கு முன்னால் கட்டினார்கள். மகளும் புருலின் தங்கைகளும் கிராதியைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். ஒஸ்கோன் இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். கையில், துக்க வீட்டு ஆண்கள் பிடிக்க வேண்டிய ஊன்றுகோல். பக்கத்தில் சபார்.

ஆண்கள் முற்றத்து வாசலிலிருந்தே உரக்க அழுதுகொண்டு வருவார்கள். இறந்தவர் தங்களுக்கு என்ன உறவோ அதைச் சொல்லி அழ வேண்டும். என் அக்காவே. என் மதினியே. அழைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களின் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். நிற்பவர்களும் பதிலுக்கு அழ வேண்டும். ஒஸ்கோனுக்குக் குரல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வேலை நேரம் முழுக்க விளக்குப் பலகைக்குப் பின்னால் சத்தம் போடாமல் இருந்து பழகிய தொண்டை. அவருக்கும் சேர்த்து சபார் அழுதார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது சபார் அவர் பக்கம் சாய்ந்தார்.

"இத்தனை பேரும் போகாம நிக்கிறாங்களே, ஏன்னு தெரியுதா?"

ஒஸ்கோனுக்குத் தெரியும்.

"இமாஷ் வந்து என்ன சொல்லி அழுவான்னு கேக்கத்தான்."

மேடையில் புருலுக்குக் கணவர் இமாஷ். நாடகம் மாறும், கணவர் மாறமாட்டார். கடைத்தெருவில் கறிக்கடைக்காரர் புருலுக்கு நல்ல துண்டாக வெட்டிக் கொடுத்து, உங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்குமே என்பார். அவர் சொன்னது இமாஷை. ஒருமுறை வெளியூரில் பண்ணைத் தலைவர் இமாஷுக்கும் புருலுக்கும் ஒரே அறையை ஒதுக்கிவிட்டு, ஒஸ்கோனை ஓட்டுநரோடு படுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து புருல் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஒஸ்கோனும் சிரித்தார். சபார் இன்றுவரை சிரிக்கவில்லை.

"அவன் தப்பா ஒரு வார்த்தை சொன்னா, இனிமே ஊர்ல நீ யாருடா?"

ஒஸ்கோன் ஊன்றுகோலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சபார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இமாஷின் வீட்டுக்குக் கிளம்பினார். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். இமாஷ் பாதிச் சவரத்தில் இருந்தாராம். புருலைவிட மூன்று வயது மூத்தவர், அதனால் தங்கச்சி என்று அழுவதுதான் முறை என்று சபார் எடுத்துச் சொன்னாராம். இமாஷ் சரி என்றாராம்.

"மூணு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான்."

"ஒத்திகை பார்த்தா அவருக்கு வந்துடும்," என்றார் ஒஸ்கோன்.

இந்தக் கூடாரத்தைச் செய்தது ஒரு நாடகத்துக்காக. அதை ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதினார். இமாஷ் மாஸ்கோவில் நடிப்புப் படித்துவிட்டு வந்த வருடம் அது. போருக்குப் போனவன் திரும்பி வருகிறான். மனைவி இறந்து கூடாரத்தில் திரைக்குப் பின்னால் கிடக்கிறாள், அது புருல். அரங்கின் பின்கதவைத் திறந்துகொண்டு, பார்ப்பவர்களுக்கு நடுவே அழுதபடி நடந்து வந்து இமாஷ் மேடை ஏறுவார். அதற்கு எட்டு நிமிடம் ஆகும். அந்த எட்டு நிமிடத்தில் விளக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அது ஒஸ்கோனின் வேலை.

அவருடைய இடம் மேலே, இடது ஓரத்தில். அங்கிருந்து அந்தத் திரைக்குப் பின்னால் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அரங்கில் பாதிப் பேர் அழுதுகொண்டிருக்கும்போது புருல் எழுந்து உட்காருவாள். கனத்த வெள்ளைத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைப்பாள். பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொள்வாள். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலை உள்ளங்கையில் துப்புவாள். மேலே பார்க்கமாட்டாள். பார்த்தாலும் விளக்குதான் கண்ணில் அடிக்கும்.

சில நாள் அவர் எட்டு நிமிடத்தை ஒன்பது ஆக்கினார். உன் விளக்கு அணையறதுக்குள்ள எனக்குத் தொண்டை போயிடுது தம்பி என்று இமாஷ் குறைப்படுவார்.

சோவியத் போன மறு வருடம் அரங்கில் வெப்பமூட்ட நிலக்கரி இல்லை. நாடகம் நின்றது. ஒஸ்கோன் இப்போது திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தார். தரையில் நின்று பார்த்தால் கம்பளி மட்டும்தான் தெரிந்தது.

பதினோரு மணிக்குமேல் இமாஷ் வந்தார். கறுப்பு மேலங்கி. தாடையில் ஒரு வெட்டு. முற்றத்து வாசலில் நின்று கூடாரத்தைப் பார்த்தார். அதன் மேல் சுற்றிக் கட்டிய சிவப்புப் பட்டையைப் பார்த்தார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றினார். மூச்சை இழுத்தார்.

ஒஸ்கோனுக்கு அந்த மூச்சு தெரியும். அவருடைய விரல்கள் விளக்கைக் குறைப்பதுபோலத் தாமாக ஊன்றுகோலின் மேல் அசைந்தன.

"என் துணையே!"

நாடகத்தில் கணவன் மனைவிக்காக அழும் சொல். கடைசி வரிசைவரை போகப் பழகிய குரல். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பொரித்த ரொட்டியை மென்றுகொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். உள்ளே பெண்களின் ஒப்பாரி அறுந்தது. இமாஷ் நடந்து வந்தார். கண் ஏறக்குறைய மூடியிருந்தது. மறுபடியும் சொன்னார். சபாரின் ஊன்றுகோல் தரையில் இடித்தது. எல்லாரும் ஒஸ்கோனைப் பார்த்தார்கள்.

"என் துணையே," என்றார் ஒஸ்கோன்.

முதலில் காற்றாக வந்தது. இரண்டாவது முறை குரல் வந்தது. கரகரத்த, அவருக்கே பழக்கமில்லாத குரல். இமாஷ் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார். இருவரும் அதே சொல்லைச் சொல்லி அழுதார்கள், முதலில் மாறி மாறி, பிறகு சேர்ந்து. நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் கிழவர் ஒருவர் என் மருமகளே என்று தொடங்கினார். மற்றவர்களும் தொடங்கினார்கள். சபார் கடைசியாகத் தொடங்கினார். உள்ளே ஒப்பாரி மறுபடி எழுந்தது.

கையில் தண்ணீர் ஊற்றி, தேநீருக்காக இமாஷைக் கீழ்த்தளத்துப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஒஸ்கோனும் போனார். சபார் வரவில்லை. இமாஷ் கிண்ணத்தை வாங்கினார், குடிக்கவில்லை. விரிப்பில் வைத்துவிட்டார்.

"தெருமுனை வரைக்கும் தங்கச்சின்னுதான் சொல்லிக்கிட்டு வந்தேன். கூடாரத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் வாய் என் பேச்சைக் கேக்கல."

"தெரியும் அண்ணே."

"உங்கண்ணன் என்னை அடிக்கப் போறாரு."

"இன்னைக்கு அடிக்க மாட்டாரு. நாளைக்கு அடக்கம் முடியட்டும்."

இமாஷின் முகம் சிரிக்கப் பார்த்துவிட்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரி ரொட்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. சுவருக்கு அப்பால் மகளின் குரல் தனியாகக் கேட்டது.

ஒஸ்கோனின் அம்மா பத்தொன்பது வருடம் அவர்களோடு இருந்தார். மருமகள் கணவனின் பெயரைச் சொல்லக் கூடாது. புருல் சொல்லவில்லை. அம்மா போன பிறகும் அவள் நாக்கு திரும்பவில்லை. இங்க பாருங்க என்பாள். பிறரிடம், பொண்ணோட அப்பா. அரங்கில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அங்கே அவர் எப்போதும் மேலே இருந்தார்.

ஒஸ்கோன் கெட்டிலை எடுத்து இமாஷின் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். கிண்ணம் ஏற்கெனவே நிறைந்திருந்தது. கெட்டிலைக் கீழே வைத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மேக்கப் அறையில, நான் மேல விளக்குகிட்ட இருக்கிறப்ப, புருல் என் பேரைச் சொல்லுவாளா?"