மலையில் சிக்னல் இல்லை

கரியாலூரில் சிக்னல் கிடைக்காது என்று கவியரசன் சொன்னதைக் கள்ளக்குறிச்சி கம்பெனி அப்படியே நம்பியது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அவனுக்காகக் காலைக் கூட்டத்தையே மதியத்துக்கு மாற்றினார்கள். அதிலும் பேசப் பிடிக்காத நாட்களில் வார்த்தைகளைப் பாதிப் பாதியாக விழுங்கி, லைன் அறுந்ததுபோல் நடிப்பான். பொங்கலுக்கே புது டவர் வந்துவிட்டதை அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை, கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அன்று அவனுடைய மேலதிகாரி நௌஷீன், சிக்னலை இழுத்துத் தரும் கருவியோடு மலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். வளைவுகளில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தது.

"தெனமும் கஷ்டப்பட்டுக்கினு கீறீங்களேன்னு ஆபீஸ்ல சொல்லி வாங்கியாந்தேங்க."

தண்ணீர் கொடுத்த அவன் மனைவி ஷாலினி வெள்ளந்தியாகச் சொன்னாள். "டவர் வந்ததுலேர்ந்து வூட்டுக்குள்ளயே நல்லா எடுக்குதுங்களே."

நௌஷீன் தன் போனைப் பார்த்தாள். சிக்னல் முழுதாக இருந்தது. கவியரசன் கூனிக் குறுகி நின்றான்.

அவள் திட்டவில்லை. கருவியை மேசைமேல் வைத்தாள். "மழ நாள்ல ஒதவும், இருக்கட்டும். கூட்டமும் மதியமே இருக்கட்டுங்க. எல்லாருக்கும் பழகிப்போச்சு."

"இல்லீங்க... நான் வந்து... காலையிலயே..."

நடிக்காமலேயே குரல் அறுந்து அறுந்து வந்தது. போனில் எப்போதும் காத்திருப்பதைப் போலவே, அவன் பேசி முடிக்கட்டும் என்று அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.