ராஜாவுக்கு ஒரு தாவல்

கமர் நிஷாவுக்கு வெட்டத்தான் தெரியும், எனக்கு நீட்டத்தான் தெரியும். டவுண் தெற்கு ரத வீதி கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் எழுதிய சதுரங்க நிரல் இந்தச் சண்டையில்தான் ஆறு மாதம் வளர்ந்தது. நகர்த்தல், பதில், பதிலுக்குப் பதில் என்று அது கிளை கிளையாக யோசிக்கும். உருப்படாத கிளையை அவள் வெட்டுவாள், வேகம் கூடும். செக் வருகிற கிளையை நான் இன்னும் ஆழமாக நீட்டுவேன், மெஷின் உறைந்துவிடும்.

"ஏட்டி நாயகி, நீ நீட்டுத நீட்டுல விடிஞ்சிரும்" என்பாள்.

"நீ வெட்டுத வெட்டுல ராணியே போயிரும்" என்பேன்.

தொண்ணூற்று நாலில் ஒரு சனிக்கிழமை, சென்டர் முதலாளி சிவசங்கரன் அண்ணாச்சி பலகையோடு வந்து உட்கார்ந்தார். "என்னை ஜெயிச்சா மெஷின் உங்களுக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை டைப்பிங் கிளாசுக்குப் போயிரும்." ஐயோ, எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு மெஷின்தான்.

இருபதாவது நகர்த்தலில் அண்ணாச்சி தன் ராஜாவைக் குதிரை மாதிரித் தாவ வைத்தார். அதைத் தட்டச்சு செய்தால் மெஷின் கீச்சென்று கத்தி மறுத்தது.

"இது என்ன அண்ணாச்சி, அநியாயம்?"

"செக் வாங்காத ராஜா ஒரே ஒரு தடவை தாவலாம். எங்க வீட்டுல அப்படித்தான் ஆடுவோம். உங்க மெஷினுக்குத் தெரியாதோ? அப்ப தோத்துட்டுல்லா!"

எனக்கு வந்ததே கோபம்! "அரை மணி நேரம் தாங்க, சொல்லிக் குடுக்கோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போனார்.

தாவலைச் சேர்த்ததும் கிளைகள் பெருகி மெஷின் திணறியது. "வெட்டுட்டி, வெட்டு!" என்று கத்தினேன். நானா சொன்னேன்!

"வெட்டுதேன். ஆனா தாவி செக் வந்தா மட்டும் நீட்டுவோம்" என்றாள் நிஷா. அவளா சொன்னாள்! இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே அடித்து முடித்தோம்.

ஆட்டம் தொடர்ந்தது. நாலு நகர்த்தல் போனதும் மெஷின் இரண்டு நிமிடம் யோசித்தது. அதுவரை ஒரு செக்கும் வாங்காத எங்கள் ராஜா, எங்கள் யானைக்கு முன்னால் வழியை மறித்துக்கொண்டு நின்றது. திடீரென்று அது தாவி விலகியது! யானை நேராக அண்ணாச்சியின் ராஜாவுக்கு செக் வைத்தது. தப்பிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

"இது கள்ளாட்டம்லா!" என்றார் அண்ணாச்சி.

"உங்க வீட்டு ஆட்டம்தான அண்ணாச்சி" என்றாள் நிஷா, பதவிசாக.

அவர் தன் ராஜாவைப் பலகையில் சாய்த்து வைத்தார். பிறகு வாசலுக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த டைப்பிங் கிளாஸ் விளம்பரத்தைத் தன் கையாலேயே கிழித்தார். நாங்கள் கட்டிப்பிடித்துப் போட்ட கூச்சலில் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடி வந்துவிட்டார்கள்.