பூட்டிய வெளிச்சம்

சொந்தக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் கொட்டேஷன். தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். போல்ட்டோ, பெயின்ட்டோ, கக்கூஸ் கழுவும் பினாயிலோ, மூன்று கடையில் விலை கேட்காமல் ஆர்டர் போட மாட்டான். அது அவன் வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மிக்ஸி, மெத்தை, மகளின் பள்ளிக்கூடம், எல்லாமே ஒப்பிட்டுப் பார்த்து எடுத்தவைதான். பெண் பார்த்தபோதும் அப்படித்தான் என்று அவன் மனைவியே சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

கொட்டேஷன் என்று கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வராது. பட்டம் கொடுத்த மாதிரி நிமிர்ந்து உட்காருவான்.

இந்த முறை அவன் தேடிக்கொண்டிருந்தது ஒரு பேட்டரி லாந்தர். அப்பாவுக்கு.

அப்பா, காரில் நாலு மணி நேரம் போக வேண்டிய ஊரில், பழைய வீட்டில் தனியாக இருந்தார். காலமெல்லாம் லேத் மெஷின் முன்னால் நின்ற மனிதர். இப்போது முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, காதும் மந்தம். அந்தத் தெருவில் மின்சாரம் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். அதனால் தங்கை ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். அவள் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் நர்ஸாக இருப்பவள். ராத்திரி படுக்கப் போகும் முன் அப்பா தெரு ஜன்னலில் ஒரு சின்ன பேட்டரி விளக்கைப் போட்டு வைக்க வேண்டும். எதிரே தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் கடை சாத்தும்போது நிமிர்ந்து பார்ப்பார். விளக்கு எரிந்தால் பெரியவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். எரியாவிட்டால் அவரிடம் இருக்கும் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஏற்பாடு ஒழுங்காகவே வேலை செய்தது. மழை பெய்த ஒரு நாள் அப்பா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்துவிட்டார். ஜன்னல் இருட்டாகக் கிடப்பதைப் பார்த்த டெய்லர், கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து தூக்கினார். சிராய்ப்போடு போயிற்று.

தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. சில வாரம் கழித்து மறுபடியும் விளக்கு எரியவில்லை. டெய்லர் போய்ப் பார்த்தபோது அப்பா கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தார். நெஞ்சை ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது, பையனைக் கூப்பிடு என்றார். கொட்டேஷன் பதறிக்கொண்டு காரை விரட்டி வந்து சேர்ந்தால், அப்பா சவரம் செய்து, சட்டை மாற்றி, அவனுக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருந்தார். ஒரு தடவை என்றால் சரி. அடுத்த மாதமும் இதே கதை. அந்தத் தடவை டீயோடு கூட, அவன் படுப்பதற்குத் தலையணைக்கு உறையெல்லாம் மாற்றி வைத்திருந்தார்.

அந்தத் தலையணையைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டெய்லர் பக்கத்தில் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை.

“லைட்டை ஏம்ப்பா போடல?”

“மறந்துட்டேன்டா.”

“நெஞ்சு வலி?”

“இப்ப இல்ல. நீ வந்ததும் சரியாப் போச்சு.”

“உங்களுக்கு இது விளையாட்டாப் போச்சு. நாளைக்கு எனக்கு ஆடிட் இருக்கு. வயசாச்சே தவிர, கொஞ்சமாவது வெக்கம் வேணாமா?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டெய்லர் செருப்பைத் தேடுவதுபோல வாசலுக்கு நகர்ந்துவிட்டார். அவர் போன பிறகு அப்பா மெல்லச் சொன்னார். “தனியா இருட்டுல கெடக்க பயமா இருக்குடா. உன்கூடவே வந்துடட்டுமா? ஒரு மூலைல இருந்துக்கறேன். உங்க யாருக்கும் தொந்தரவு இருக்காது.”

அந்தப் பேச்சில் தனியா என்று ஒரு சொல் இருந்தது. கொட்டேஷன் காதில் இருட்டு மட்டும்தான் விழுந்தது. விழவேண்டியதை மட்டும் விழ வைத்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

“இருட்டுதான பிரச்சனை? அதை நான் பாத்துக்கறேன்” என்றான்.

அவன் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடந்தது. அதில் நடைப்பயிற்சி மெஷின் ஒன்று துணி காயப்போட்டபடி நின்றது. கூட்டிக்கொண்டு வந்துவிடலாமே என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னாள். அவன் அவளுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல விளக்கினான். வயசானவர்களை இடம் மாற்றக் கூடாது, பழகிய வீடுதான் அவர்களுக்கு நல்லது, எங்கோ படித்திருக்கிறான். அவள் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் வாயைத் திறந்து அவள் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

காடு, மலை என்று கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனான். அதற்கு முன்பே இரண்டு கடை ஏறி இறங்கியாகிவிட்டது. தாடி வைத்த விற்பனையாளன் மூன்று லாந்தர்களை எடுத்து மேஜையில் வைத்தான். முதலாவது கண்ணைப் பறிக்கிற வெளிச்சம், ஆனால் ஒரு ராத்திரிக்கு மேல் தாங்காது. இரண்டாவதற்குப் பேட்டரி தீர்ந்தால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், அப்பாவின் கைக்கு அது ஆகாது. மூன்றாவது பாசிப் பச்சை நிறத்தில், மேலே கொக்கியோடு, சொம்பு அளவுக்குத் தடியாக உட்கார்ந்திருந்தது.

“இது இருட்டினா தானா எரியும், வெளுத்தா தானா அணையும் சார். டென்ட் வாசல்ல மாட்டிட்டு நீங்க எங்க வேணா சுத்திட்டு வரலாம். ஆள் இல்லாட்டியும் அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கும். குறைஞ்ச வெளிச்சத்துல வெச்சா ஒரு மாசத்துக்கு மேல தாங்கும்.”

சொல்லிக்கொண்டே அதைக் கைதவறிய மாதிரி தரையில் போட்டான். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டி எரிந்துகொண்டே நின்றது. கொட்டேஷனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அணைக்கும் பட்டன் எங்கே என்று கேட்டான்.

“இங்க. ஆனா லாக் இருக்கு. ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்திப் பிடிச்சா பூட்டிக்கும். அப்புறம் பைக்குள்ள கை பட்டாலும் ஆஃப் ஆகாது, சின்னப் பசங்க நோண்டினாலும் ஆகாது.”

“பெரியவங்க நோண்டினா?”

விற்பனையாளன் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தான். கொட்டேஷன் சிரிக்கவில்லை. அவனுக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல. ஜன்னல் இருட்டாகக் கிடக்கக் கூடாது, டெய்லரின் போன் வரக் கூடாது, அவ்வளவுதான். இதைக் கடைக்காரனிடம் சொல்ல முடியாது. எமர்ஜென்சிக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு, பில்லை வாங்கிக்கொண்டான்.

அடுத்த லீவு நாளில் போய், நாற்காலி போட்டு ஏறி, ஜன்னலின் மேல் கம்பியில் லாந்தரை மாட்டினான். காற்றில் ஆடாமல் இருக்கக் கம்பி வைத்து முறுக்கினான். இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்திப் பூட்டினான். நாற்காலியில் ஏறினாலொழிய எட்டாது. அப்பாவுக்கு நாற்காலியில் உட்காருவதே பெரும்பாடு. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை எப்படிப்பா அணைக்கிறது?”

“அணைக்கவே வேணாம். அதான் இதுல விசேஷம்.”

அப்பா லாந்தரையும் முறுக்கிய கம்பியையும் வெகு நேரம் மாறி மாறிப் பார்த்தார். லேத்தில் நூலளவு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர், அவருக்குப் புரிய அவ்வளவு நேரம் தேவைப்பட்டிருக்காது. பிறகு, “நல்ல வெளிச்சம்” என்றார்.

இது தானாக எரிகிற விஷயத்தை டெய்லரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், அந்த ஆள் அப்புறம் தினமும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பான் என்று கொட்டேஷன் கண்டித்துச் சொன்னான். அப்பா தலையாட்டினார். அன்றைக்கு டெய்லர் முன்னால் வாங்கிக் கட்டிக்கொண்டதில் இருந்தே அவர் எதிர்க் கடைப் பக்கம் போய்ப் பேசுவதில்லை. பழைய சின்ன விளக்கைக் கொட்டேஷன் போகிற வழியில் குப்பைத் தொட்டியில் போட்டான். தையல் கடை வாசலில் காரை நிறுத்தினான். புது விளக்கு பெரியவருக்குச் சிரமமாக இருக்காதே என்று டெய்லர் கேட்டார்.

“ரொம்ப ஈசி அண்ணே. அவருக்கு ஒரு கஷ்டமும் இல்ல” என்றான். பொய் என்று யாரும் அவன் சட்டையைப் பிடிக்க முடியாது.

அதன் பிறகு போன் வரவில்லை. கொட்டேஷன் நிம்மதியாகத் தூங்கினான். ஆபீசில் எல்லோரிடமும் லாந்தர் புராணம்தான். முதலாளி குடும்பத்தோடு காட்டில் கூடாரம் போடக் கிளம்பியபோது அவன் சொன்னதைத்தான் வாங்கிப் போனார், திரும்பி வந்து முதுகில் தட்டிக் கொடுத்தார்.

லாந்தர் மாட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை; பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனை எடுக்கவில்லை. காது மந்தம், சகஜம்தான். மறுநாளும் எடுக்கவில்லை. டெய்லருக்குப் போன் செய்து, லைட் எரிகிறதா என்று கேட்டான். டெய்லர் யூனிஃபார்ம் துணிக் குவியலுக்கு நடுவில் மூச்சு விட நேரமில்லாமல் இருந்தார். “நேத்துகூட ஜம்முனு எரிஞ்சுது தம்பி” என்றார். பெரியவரை இரண்டொரு நாளாக வெளியே காணவில்லை, முழங்கால் வலியாக இருக்கும் என்றும் சொன்னார்.

ராத்திரி தங்கை கூப்பிட்டாள். அப்பா போனை எடுக்கவில்லை, ஒரு நடை நேரில் போய்ப் பார் என்றாள். உத்தரவு போடுவது சுலபம், வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும் என்று அவன் எரிந்து விழுந்தான்.

“டெய்லர் பாத்தாரு. லைட் எரியுதாம்.”

“எரியுதா?” அவள் மூச்சு விட்டது போனில் கேட்டது. “அப்போ சரிண்ணா.”

அந்த ஏற்பாட்டைச் செய்தவள் அவள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? அவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் போக வேண்டி வரும் என்று அவனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில், அப்பா முன்பே கொடுத்து வைத்திருந்த பேன்ட்டைச் சுருக்கித் தைத்து எடுத்துக்கொண்டு டெய்லர் கதவருகே போனார். கதவைத் திறக்கும் முன்பே நாற்றம் வந்துவிட்டது.

கொட்டேஷன் வந்து சேர்ந்தபோது உடலை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் அவனைத் தனியாக அழைத்துச் சொன்னார். விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது. உடனே போன உயிர் இல்லை. இரண்டு நாள், மூன்று நாளாகவும் இருக்கலாம், நினைவோடு தரையில் கிடந்திருக்கிறார். யாராவது நேரத்துக்குப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்.

சாயங்காலம் டெய்லரும் அவனும் வீட்டைத் திறந்து உள்ளே போனார்கள். மின்சாரம் இல்லை. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. அப்பா விழுந்த இடம் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில். போன் கைக்கு எட்டாத உயரத்தில், அலமாரியின் மேல் இருந்தது. ஆனால் அவருடைய செருப்பு அங்கே இல்லை. ஒன்று ஜன்னல் திட்டில் கிடந்தது, மற்றது ஜன்னலுக்குக் கீழே. கூடவே ஒரு டம்ளர், கண்ணாடிக் கூடு, டி.வி. ரிமோட், மாத்திரை டப்பா, ஊன்றுகோல். கிடந்த இடத்தில் இருந்து கைக்கு எட்டியது அத்தனையும் ஜன்னலடியில் குவிந்து கிடந்தன.

டெய்லர் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டம்ளர் நசுங்கியிருந்தது. அண்ணாந்து பார்த்தார். லாந்தரின் பிளாஸ்டிக்கில் புதுக் கீறல்கள் இருந்தன.

“எறிஞ்சிருக்காரு தம்பி” என்றார். “விளக்கை அணைக்கப் பாத்திருக்காரு. அணைஞ்சா நான் ஓடி வருவேன்னு அவருக்குத் தெரியும்.”

ஜன்னல் திட்டில் கிடந்த செருப்பைக் கையில் எடுத்தார்.

“அதுதான் எனக்குப் புரியல. கீழ கெடந்தவரு தினம் ராத்திரி எப்படி ஏத்தினாரு?”

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அறையும் இருண்டது. மேலே சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. யாரும் தொடாமல் லாந்தர் எரிய ஆரம்பித்தது.

டெய்லர் அதைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். கையில் அப்பாவின் செருப்பு இருந்தது.

“இதையா நான் தினமும் பாத்துட்டு, நிம்மதியாப் போய்ப் படுத்தேன்?”

பேட்டரி, கூடாரம், ஒரு மாசம் என்று ஏதேதோ அவன் வாய்வரை வந்தது.

“அதை அணைப்பா மொதல்ல” என்றார் டெய்லர்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். பட்டனை அழுத்தினான். அணையவில்லை. இரண்டையும் சேர்த்து அழுத்தினான். எவ்வளவு நேரம் பிடிக்க வேண்டும் என்பது மறந்துவிட்டிருந்தது. லாந்தரோடு வந்த விளக்கத் தாளை அவன் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து, தன் வீட்டு மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தான். மறுபடி அழுத்தினான். அவன் முறுக்கிய கம்பி அவன் விரலையே கிழித்தது. கீழே, பார்க்கச் சகிக்காதபடி எல்லாம் தெரிந்தது, அப்பா கிடந்த இடம், தரையில் அவர் நகரப் பார்த்த தடம். அவன் விக்கி விக்கி அழ ஆரம்பித்தான். நாற்காலியை விட்டு இறங்கவும் இல்லை.

டெய்லர் செருப்பை அதன் ஜோடிக்குப் பக்கத்தில் வைத்தார். சாவியை அலமாரியின் மேல் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போனார். அன்று கடை சாத்தும்போது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.